அதிவேக இளம் ரன்னிங் பேக்: 40 யார்டு ஓட்டத்துக்குப் பிறகு என்ன எதிர்பார்க்கலாம்?

அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக் என்.எஃப்.எல். அதன் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச்சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஏப்ரல் கடைசியில் முடிந்ததும் ஆண்டுதோறும் ஒரு செய்தி தவறாமல் வரும். கல்லூரியிலிருந்து வந்த சிறிய உடல்வாகு கொண்ட இளைஞன், 40 யார்டை 4.3 விநாடியில் ஓடியவன், பந்தை வாங்கினால் பறப்பான், கிக்காஃப் பந்தையும் திருப்பிக் கொண்டுவருவான் என்று எழுதுவார்கள். கூடவே முப்பது விநாடி வீடியோ ஒன்றும் ஓடும். செப்டம்பரில் பருவம் தொடங்கிய பிறகு அதே இளைஞன் ஓர் ஆட்டத்தில் நான்கு தடவைதான் பந்தைத் தொடுகிறான். ரசிகர்களுக்குக் குழப்பம். பயிற்சியாளருக்குப் புத்தியில்லையா, அல்லது பையனிடம் சரக்கில்லையா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. இந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால் குழப்பம் குறையும். அடிப்படையிலிருந்து தொடங்கி, மயாமி டால்பின்ஸ் அணியின் டெவான் ஏச்சேனை முக்கிய உதாரணமாக வைத்துப் பார்க்கலாம். இந்த வகை வீரர்களில் எதிர்பார்ப்பு, வெடிப்பு, காயம், சரிவு, வளர்ச்சி எல்லாவற்றையும் இரண்டே பருவத்தில் காட்டியவர் அவர்.

## முதலில் ஆட்டம்

அமெரிக்கன் ஃபுட்பால் மைதானம் 100 யார்டு நீளம். ஒரு யார்டு கிட்டத்தட்ட 0.91 மீட்டர். இரு முனைகளிலும் பத்து யார்டு ஆழத்தில் எண்ட் சோன் உண்டு. எதிரணியின் எண்ட் சோனுக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், ஆறு புள்ளி. தாக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அவற்றை டவுன் என்பார்கள். நான்குக்குள் பத்து யார்டு நகர்ந்துவிட்டால் மறுபடி நான்கு கிடைக்கும்.

பந்தை நகர்த்த இரண்டு வழி. குவார்ட்டர்பேக் அதை எறியலாம், இல்லாவிட்டால் பின்னால் நிற்கும் ரன்னிங் பேக்கிடம் கொடுத்து ஓடவிடலாம். ரன்னிங் பேக் என்றால் ஓடுபவர் என்று மட்டும் நினைத்துக்கொள்வதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. அவருக்கு மூன்று வேலைகள்:

1. பந்தை வாங்கிக்கொண்டு ஓடுவது.
2. குவார்ட்டர்பேக் எறியும் குறுகிய பந்துகளைப் பிடிப்பது.
3. குவார்ட்டர்பேக்கை வீழ்த்தப் பாய்ந்து வரும் எதிரணி வீரரைக் குறுக்கே நின்று தடுப்பது.

வீடியோவில் வருவது முதல் வேலை. களத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை முடிவு செய்வது மூன்றாவது. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

## ரிட்டர்னர் யார்?

ஒரு அணி புள்ளி எடுத்ததும், ஆட்டத்தின் ஒவ்வொரு பாதி தொடங்கும்போதும், பந்தை எதிரணி பக்கம் உதைத்துக் கொடுக்கும். இது கிக்காஃப். நான்காவது டவுனில் இனி முன்னேற வழியில்லை என்றால் கையிலிருந்து பந்தை விட்டு உயரமாக உதைப்பது பன்ட். இரண்டிலும் அந்தப் பந்தை வாங்கித் திருப்பி ஓடுபவர்தான் ரிட்டர்னர்.

இரண்டும் ஒன்று போலத் தெரிந்தாலும் தேவைப்படும் திறமை வேறு. பன்ட் செங்குத்தாக இறங்கும். அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிரணி ஆட்கள் இரண்டடி தூரத்துக்கு வந்துவிடுவார்கள். அங்கே முதலில் வேண்டியது நல்ல கையும் பதறாத மனமும். வேகம் அப்புறம்தான். அதனால் பன்ட் வேலை பெரும்பாலும் பந்து பிடித்தே பழகிய ரிசீவர்களுக்குப் போகும். கிக்காஃபில் பந்தைப் பிடித்த பிறகும் ஓரளவு இடம் இருக்கும். வேகமெடுத்து, ஒரு சந்தைக் கண்டுபிடித்து, திரும்பிப் பார்க்காமல் பாய வேண்டும். இது ரன்னிங் பேக்கின் இயல்புக்கு நெருக்கமானது.

இந்தத் தொழிலின் உச்சம் டெவின் ஹெஸ்டர். 2006-ல் சிகாகோ பேர்ஸ் இரண்டாம் சுற்றில் எடுத்த இவர், அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் முதல் கிக்காஃபையே 92 யார்டு ஓடி டச்டவுன் ஆக்கினார். அணி தோற்றது வேறு விஷயம். முதன்மையாக ரிட்டர்னராகவே ஆடி 2024-ல் புகழ் மண்டபத்துக்குள் நுழைந்த முதல் ஆள் இவர்தான். ஆனால் ஹெஸ்டரை அளவுகோலாக வைத்து ஒரு புதுப் பையனை அளப்பது நியாயமில்லை. இந்த லீகின் நூற்றாண்டு வரலாற்றிலேயே அப்படி ஒருவர்தான் வந்தார்.

## விதி மாறியது, வேலையும் மாறியது

ரிட்டர்னரின் மதிப்பைக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் மேலும் கீழும் இழுத்தது திறமையைவிட விதிப்புத்தகம்தான்.

பழைய கிக்காஃபில் இருபக்க ஆட்களும் தூரத்திலிருந்து முழு வேகத்தில் ஓடிவந்து மோதிக்கொள்வார்கள். தலையில் அடிபடுவது அதிகம். அதைக் குறைக்க லீக் 2011-ல் உதைக்கும் இடத்தை, உதைக்கும் அணியின் எண்ட் சோனிலிருந்து எண்ணி, 30-லிருந்து 35 யார்டு கோட்டுக்கு முன்னால் கொண்டுவந்தது. பந்து நேராக எண்ட் சோனுக்குள் போய் விழ ஆரம்பித்தது. அப்படி விழுந்த பந்தை யாரும் எடுத்து ஓடாமல் விட்டுவிட்டால் டச்பேக். வாங்கும் அணிக்குச் சும்மாவே ஒரு நல்ல இடம் கிடைத்துவிடும். 2016-ல் அந்த இடத்தை 25 யார்டுக்கு உயர்த்தினார்கள். 2023-ல் இன்னொரு படி போய், பந்தைக் கையசைத்து நின்றபடி பிடித்தாலே 25 யார்டு என்றார்கள். விளைவு, அந்தப் பருவத்தில் ஐந்தில் ஒரு கிக்காஃப்தான் திருப்பி ஓடப்பட்டது. அந்தப் பருவத்தின் சூப்பர் பௌலில் ஒன்றுகூட ஓடப்படவில்லை. ரிட்டர்னர் என்ற ஆளே தேவையில்லையோ என்ற நிலை.

2024-ல் நிலைமை தலைகீழானது. புதிய முறையில் உதைப்பவர் மட்டும் தன் 35-ல் நிற்பார். அவருடைய மற்ற பத்துப் பேரும் எதிரணியின் 40 யார்டு கோட்டில் நிற்பார்கள். அவர்களுக்கு எதிரே ஐந்து யார்டு தள்ளி, 35-க்கும் 30-க்கும் இடையில், வாங்கும் அணியின் தடுப்பாளர்கள். எண்ட் சோன் தொடங்கும் கோல் கோட்டுக்கும் 20 யார்டுக்கும் நடுவே பந்து விழ வேண்டிய பகுதி. பந்து தரையிலோ ரிட்டர்னர் கையிலோ படும்வரை மற்றவர்கள் நகரக்கூடாது. நீண்ட ஓட்டம் இல்லாததால் மோதலின் வேகம் குறைந்தது. ஆனால் பந்தைத் திருப்பி ஓடுவதற்கு அணிகளுக்குக் காரணம் கிடைத்தது. முதல் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு கிக்காஃப்கள் திருப்பி ஓடப்பட்டன. டச்பேக் இடம் 30-தான் என்பதால் பல அணிகள் அதை விட்டுக்கொடுப்பதே பாதுகாப்பு என்று நினைத்தன. 2025-ல் லீக் டச்பேக்கை 35 யார்டுக்கு உயர்த்தியது. சும்மா 35 கொடுப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது. உதைப்பவர்கள் பந்தை விழுபகுதிக்குள் போட ஆரம்பித்தார்கள். திருப்பி ஓடப்பட்டவை நான்கில் மூன்று பங்கை ஒட்டி வந்துவிட்டன.

புதிய முறையில் ஆட்களின் நிலையைக் கவனித்தால் ஒன்று தெரியும். எதிரெதிராக இரண்டு வரிசை, பின்னால் பந்தோடு ஒருவர், நடுவே திறந்து மூடும் சந்துகள். இது சாதாரண ரன்னிங் ஆட்டத்தின் அமைப்பு. அதனால் அணிகள் இந்த வேலைக்கு ரன்னிங் பேக்குகளையும் தேட ஆரம்பித்தன. புதிய விதியின் கீழ் முதல் டச்டவுனை 2024 செப்டம்பர் 8 அன்று பஃபலோ பில்ஸுக்கு எதிராக 96 யார்டு ஓடி எடுத்த அரிசோனாவின் டீஜே டாலஸும் ரன்னிங் பேக்தான். இன்று லீகுக்குள் வரும் வேகமான இளம் ரன்னிங் பேக்குக்கு, 2023-ல் வந்தவரைவிட வாய்ப்பு அதிகம். அந்த அளவுக்கு நல்ல காலம்.

கல்லூரிக் கணக்கைப் படிக்கும்போதும் விதியை நினைவில் வைக்க வேண்டும். கல்லூரி ஆட்டத்தில் 2018 முதலே கையசைத்துப் பிடித்தால் 25 யார்டு கிடைக்கிறது. ஒரு பையனின் ரிட்டர்ன் எண்ணிக்கை குறைவாக இருந்தால் அது அவன் குறை இல்லை.

## 4.3 விநாடி எதைச் சொல்கிறது?

டிராஃப்டுக்கு முன் இண்டியானாபோலிஸில் நடக்கும் கம்பைன் தேர்வில் 40 யார்டு, அதாவது சுமார் 36.6 மீட்டர், ஓடவைப்பார்கள். ரன்னிங் பேக் 4.5-க்குள் ஓடினாலே நல்ல வேகம். 4.3 என்பது அபூர்வம். இந்த 0.2 விநாடி பெரிய விஷயமா? முழு வேகத்தில் ஓடும் வீரர் அந்த நேரத்தில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் முன்னால் போய்விடுவார். பின்னாலிருந்து நீளும் கைக்கு எட்டுவதும் எட்டாததும் அந்த இரண்டு மீட்டரில்தான் இருக்கிறது. ஆகவே வேகம் நிஜம், அதை மட்டம் தட்ட வேண்டியதில்லை.

ஆனால் வேகத்தைத் தனியாகப் பார்க்கக்கூடாது. எடையோடு சேர்த்துப் பார்க்க பில் பார்ன்வெல் என்ற எழுத்தாளர் 2008-ல் ஸ்பீட் ஸ்கோர் என்று ஒரு கணக்கைக் கொண்டுவந்தார். எடையை பவுண்டில் எடுத்து 200-ஆல் பெருக்கி, 40 யார்டு நேரத்தின் நான்காம் அடுக்கால் வகுக்க வேண்டும். 100 வந்தால் சராசரி. சிலரைப் போட்டுப் பார்ப்போம்:

1. கிறிஸ் ஜான்சன், 2008: 197 பவுண்டு, 4.24 விநாடி. மதிப்பு ஏறக்குறைய 122.
2. டெரிக் ஹென்றி, 2016: 247 பவுண்டு, 4.54 விநாடி. ஏறக்குறைய 116.
3. ஏச்சேன், 2023: 188 பவுண்டு, 4.32 விநாடி. ஏறக்குறைய 108.
4. ட்ரை ஆர்ச்சர், 2014: 173 பவுண்டு, 4.26 விநாடி. ஏறக்குறைய 105.

ஹென்றி மற்றவர்களைவிட மெதுவானவர், ஆனால் 112 கிலோ உடம்பு அந்த வேகத்தில் வருகிறது. ஆர்ச்சர் அந்த ஆண்டுத் தேர்வில் அனைவரையும் அசத்தியவர், எடையோ 78 கிலோதான். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அவரை மூன்றாம் சுற்றில் எடுத்தது. ரன்னிங் பேக், ரிசீவர், ரிட்டர்னர் என்று எதிலும் நிலைக்க முடியாமல் 2015 நவம்பரில் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஜான்சன் தன் இரண்டாம் பருவமான 2009-ல் 2,006 யார்டு ஓடினார். பிடித்த பந்துகளையும் சேர்த்தால் 2,509 யார்டு, லீகின் சாதனை. இருவரின் 40 யார்டு நேரத்துக்கும் வித்தியாசம் வெறும் 0.02 விநாடி.

எடைதான் முழுக் காரணம் என்று சொல்ல வரவில்லை. இந்தக் கணக்குக்கும் கண் கிடையாது. எந்தச் சந்து திறக்கப்போகிறது என்று ஒரு நொடி முன்னால் உணர்வதை எந்தக் கடிகாரமும் அளப்பதில்லை. லீகில் இன்றுவரை அதிக யார்டு ஓடிய எம்மிட் ஸ்மித்தை, 18,355 யார்டு, யாரும் வேகத்துக்காகப் புகழ்ந்ததில்லை.

## ஏச்சேன்: ஒரு பருவத்தைப் பிரித்துப் பார்த்தால்

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஏச்சேன் ஃபுட்பாலோடு தடகளமும் ஆடியவர். 100 மீட்டரில் 10.14 விநாடி. 2021 அக்டோபரில் அப்போது முதலிடத்தில் இருந்த அலபாமாவை அவருடைய அணி 41–38 என்று வென்றபோது, 96 யார்டு கிக்காஃப் ரிட்டர்ன் டச்டவுன் அவருடையது. 2023 டிராஃப்டில் மயாமி அவரை மூன்றாம் சுற்றில், மொத்தத்தில் 84-வது ஆளாக எடுத்தது.

காயத்தால் முதல் வாரம் ஆடவில்லை. இரண்டாம் வாரம் ஒரே ஒரு ஓட்டம், 5 யார்டு. மூன்றாம் வாரம், செப்டம்பர் 24, டென்வர் பிராங்கோஸை மயாமி 70–20 என்று நொறுக்கிய நாளில் 18 ஓட்டங்களில் 203 யார்டு, மொத்தம் நான்கு டச்டவுன். அடுத்த வாரம் 8 ஓட்டங்களில் 101. அதற்கடுத்து 11 ஓட்டங்களில் 151, அந்த ஆட்டத்தோடு முழங்கால் காயம். பருவம் முடிந்தபோது 11 ஆட்டம், 103 ஓட்டம், 800 யார்டு. ஓர் ஓட்டத்துக்கு 7.8 யார்டு. லீகில் நான்கைத் தாண்டினாலே மரியாதை, ஐந்து என்றால் சிறப்பு. 7.8 என்பது நம்ப முடியாத எண்.

நம்ப முடியாததை நம்பாமல் பிரித்துப் பார்ப்பதே நல்லது.

முதல் நான்கு ஆட்டங்களைக் கூட்டினால் 38 ஓட்டம், 460 யார்டு, சராசரி 12.1. மீதிப் பருவத்தில் 65 ஓட்டம், 340 யார்டு, சராசரி 5.2. இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 76, 67, 55 என மூன்று நீண்ட ஓட்டங்களை மட்டும் எடுத்துவிட்டால் மீதமுள்ள 100 ஓட்டங்களில் 602 யார்டு, சராசரி 6. அப்போதும் மிக நல்ல எண்தான். ஆனால் 8-க்கும் 6-க்கும் இடையிலுள்ள அந்த வித்தியாசம் முழுவதும் மூன்றே மூன்று ஆட்டத்துணுக்குகளில் அடங்கியிருக்கிறது. பன்னிரண்டு பந்தில் மூன்று சிக்சர் அடித்தவரின் ஸ்ட்ரைக் ரேட்டை வைத்து அவர் உலகக் கோப்பையில் என்ன செய்வார் என்று யாராவது சொன்னால் கிரிக்கெட் பார்க்கும் நாம் சிரிப்போம். இங்கேயும் அதே கணக்குதான்.

சூழலும் சேர்ந்துகொண்டது. அப்போதைய பயிற்சியாளர் மைக் மெக்டேனியலின் ஆட்டமுறையில் பந்து தொடங்குவதற்கு முன்பே ஒரு வேகமான வீரர் குறுக்கே ஓடுவார். வேகமான ரிசீவர்கள் டைரீக் ஹில்லும் ஜேலன் வாடிலும் பக்கவாட்டில் நின்றபோது தற்காப்பு ஆட்கள் பின்னால் தள்ளி நின்றே ஆக வேண்டியிருந்தது. அந்தக் காலியிடத்தில்தான் ஏச்சேன் ஓடினார்.

2024-ல் 203 ஓட்டம், 907 யார்டு, சராசரி 4.5. தலைப்புச் செய்திகள் சரிவு என்றன. குவார்ட்டர்பேக் டுவா டகோவைலோவா தலையில் அடிபட்டு நான்கு ஆட்டங்கள் விலகியிருந்தார், தற்காப்பு அணிகளும் மயாமியின் உத்தியைப் படித்துவிட்டன என்பதெல்லாம் உண்மை. ஆனால் அதே பருவத்தில் அவர் 78 பந்துகளைப் பிடித்து 592 யார்டு சேர்த்தார், 17 ஆட்டங்களும் ஆடினார். இரண்டு பருவங்களையும் பந்தைத் தொட்ட கணக்கில் வைத்துப் பாருங்கள்:

1. 2023: 130 தொடுகை, 997 யார்டு, 11 டச்டவுன். ஒரு தொடுகைக்கு 7.7.
2. 2024: 281 தொடுகை, 1,499 யார்டு, 12 டச்டவுன். ஒரு தொடுகைக்கு 5.3.

சராசரி விழுந்தது, அணிக்குக் கிடைத்தது 502 யார்டு கூடியது. இது சரிவு இல்லை என்பது என் கருத்து. விசேஷ நாளுக்கு மட்டும் எடுக்கும் ஆயுதமாக இருந்தவர் அன்றாட வேலையாள் ஆனார். அன்றாட வேலை என்றால் மூன்றாம் டவுனில் ஒரு யார்டுக்காகக் கூட்டத்துக்குள் தலையைக் கொடுப்பதும், எல்லாரும் உன்னையே எதிர்பார்த்து நிற்கும்போது ஓடுவதும் சேர்ந்ததுதான். அங்கே சராசரி இறங்காமல் இருக்காது. 2025-ல் ஓட்டத்தில் முதன்முறையாக ஆயிரம் யார்டைத் தாண்டினார்.

## ஏன் உடனே களமிறக்க மாட்டார்கள்?

மூன்றாவது வேலைக்கு வருவோம். குவார்ட்டர்பேக் எறியத் தயாராகும்போது எதிரணி எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு கூடுதல் ஆளை அனுப்பும். இதுதான் பிளிட்ஸ். அவரை அடையாளம் கண்டு மறிப்பது பல நேரம் ரன்னிங் பேக்கின் பொறுப்பு. வருகிறவர் 105 கிலோ இருப்பார். கல்லூரியில் பந்து கொடுத்தால் போதும் என்று வளர்க்கப்பட்ட பையனுக்கு இது புதுப் பாடம். யார் வருவார், இடமா வலமா என்று ஒன்றிரண்டு விநாடியில் படித்து முடிவெடுக்க வேண்டும்.

இங்கே ஒரு தவறு நடந்தால் அணியின் விலை உயர்ந்த ஆள் மருத்துவமனைக்குப் போவார். எந்தப் பயிற்சியாளரும் அந்த ஆபத்தை எடுக்க மாட்டார். அதனால் எறியும் சூழலில் இளைஞரை வெளியே உட்காரவைத்து வயதான ஒருவரை இறக்குவார்கள். அல்லது ஓட்டத்துக்கு மட்டும் அவரை இறக்குவார்கள். அப்போது இளைஞர் களத்தில் இருந்தால் நிச்சயம் அவருக்குத்தான் பந்து என்று எதிரணி ஊகித்துவிடும். இரண்டாவது நிலைமை இன்னும் மோசம். வேகமான சிறிய ரன்னிங் பேக்குகள் பலர் தேங்கி நிற்பது இந்த முட்டுச்சந்தில்தான்.

அப்படியானால் அவரை அணியில் வைத்திருக்க என்ன காரணம்? என்.எஃப்.எல். அணியில் 53 பேர் இருந்தாலும் ஆட்ட நாளில் அதிகபட்சம் 48 பேர்தான் உடை மாற்றி ஆடத் தயாராக முடியும். மூன்றாவது ரன்னிங் பேக் அந்த 48-க்குள் வர வேண்டுமானால் தாக்குதல் ஆட்டத்துக்கு வெளியே ஏதாவது பயன் வேண்டும். ரிட்டர்ன் வேலை அந்தப் பயன். அணி அவருக்கு ரிட்டர்ன் வேலை கொடுத்து, அதே நேரம் மறிக்கக் கற்றுக்கொடுக்கும்.

## பந்து நழுவினால்

ரிட்டர்னரிடம் பயிற்சியாளர் முதலில் கேட்பது டச்டவுன் அல்ல, பந்தை விடாமல் இருப்பது. கிக்காஃபில் பந்தை நழுவவிட்டால் எதிரணி கோல் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் டேவிட் வில்சன் கதை இந்த வகை வீரருக்கான முழுப் பாடம். 2012 டிராஃப்டின் முதல் சுற்றில் கடைசி ஆளாக, 32-வதாக, எடுக்கப்பட்டார். செப்டம்பர் 5 அன்று டல்லாஸ் கௌபாய்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தில், தன் இரண்டாவது ஓட்டத்திலேயே பந்தை நழுவவிட்டார். உட்காரவைத்தார்கள். வாரக்கணக்கில் ரன்னிங் பேக்காக அவருக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை, கிக்காஃப் ரிட்டர்ன் மட்டும்தான். டிசம்பர் 9 அன்று நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்கு எதிராக 97 யார்டு ரிட்டர்ன் டச்டவுன், ஓடி எடுத்த இரண்டு டச்டவுன், மொத்தம் 327 யார்டு என்று அணியின் சாதனையை உடைத்தார். அந்தப் பருவத்தில் லீகிலேயே அதிக கிக்காஃப் ரிட்டர்ன் யார்டு அவருடையது. ஆனால் ஓடிய ஓட்டங்கள் பருவம் முழுக்க 71 மட்டுமே.

அடுத்த ஆண்டின் முதல் ஆட்டத்தில், மறுபடி டல்லாஸ், மறுபடி பந்து நழுவியது. பிறகு கழுத்துக் காயம். தண்டுவடப் பாதை குறுகலாக இருப்பது தெரியவந்து 2014 ஆகஸ்டில் 23 வயதில் ஆட்டத்தை விட்டார்.

நழுவிய பந்துக்கு இவ்வளவு நீண்ட தண்டனை தேவையா என்று அப்போது பலர் கேட்டார்கள். எனக்கும் அது அதிகமாகத்தான் படுகிறது. இரண்டு ஓட்டத்தில் ஒரு நழுவலை வைத்து ஒரு ஆளை எடைபோடுவதும், 38 ஓட்டத்தில் 12.1 சராசரியை வைத்து எடைபோடுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கம். ஆனால் பயிற்சியாளர்கள் அப்படித்தான் நடந்துகொள்வார்கள். ஆகவே ரசிகர் அதையும் எதிர்பார்ப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காயத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 85 கிலோ ஆளை 110 கிலோ ஆட்கள் ஆட்டத்துக்கு இருபது முறை வீழ்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. டெட்ராய்ட் லயன்ஸ் 2010-ல் முதல் சுற்றில் எடுத்த ஜாவிட் பெஸ்ட், தலை அதிர்வுகளால் 2011 அக்டோபருக்குப் பிறகு ஒரு ஆட்டமும் ஆடவில்லை. வேகம் மட்டும் போகவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் செயின்ட் லூசியா நாட்டுக்காக 100 மீட்டர் ஓடினார்.

## அப்படியானால் முதல் பருவத்தில் எதைப் பார்ப்பது?

1. யார்டு சராசரியை ஓரமாக வையுங்கள். நூறு ஓட்டம் தாண்டும்வரை அது பெரும்பாலும் இரண்டு மூன்று நீண்ட ஓட்டங்களின் கதை. தாண்டிய பிறகும் முழுக் கதை அல்ல, ஏச்சேனைப் போல.

2. களத்தில் எத்தனை ஆட்டத்துணுக்குகள், அதாவது எத்தனை டவுன்கள், நிற்கிறார்? ஒரு ஆட்டத்தில் தாக்கும் அணிக்கு அறுபது, அறுபத்தைந்து வாய்ப்பு கிடைக்கும். புதியவர் அதில் பத்துப் பதினைந்தில் தொடங்கி அக்டோபர் கடைசியில் இருபத்தைந்தை எட்டினால் நல்ல வளர்ச்சி. ஃபேன்டசி லீகில் அணி சேர்ப்பவர்கள் டச்டவுனைத் துரத்துவதை விட்டுவிட்டு இதைப் பார்த்தால் பணம் மிஞ்சும்.

3. மூன்றாம் டவுனில் இருக்கிறாரா? இருக்கிறார் என்றால் மறிக்கும் வேலையில் நம்பிக்கை வந்துவிட்டது என்று பொருள். ஒரு 60 யார்டு ஓட்டத்தைவிட இது எனக்கு நல்ல செய்தி.

4. பந்து எங்கே போய்ச் சேர்கிறது? வேகமான ஆளுக்குப் பந்தைக் கூட்டத்தின் நடுவே கொடுப்பது வீண். பக்கவாட்டில் வீசிக் கொடுக்கிறார்களா, ரிசீவர் போல வெளியே நிறுத்துகிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் குறை பையனிடம் இல்லை, அவரை எடுத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாத பயிற்சியாளரிடம். ஆர்ச்சர் விஷயத்தில் எடையைப் போலவே இதுவும் ஒரு பங்கு.

5. ரிட்டர்னில் 35 யார்டுக் கோடு. டச்பேக்குக்கே 35 கிடைக்கும் காலத்தில், உதைப்பவர் எண்ட் சோனுக்கு முன்னால் போட்ட பந்தை வாங்கி 30-ஐ ஒட்டி வந்து சேர்ந்தாலே வேலையைச் செய்துவிட்டார். 35-ஐத் தாண்டினால் லாபம். பருவத்துக்கு ஒரு டச்டவுன் என்பது பேராசை. 32 அணிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

6. அவரைச் சுற்றி யார்? வெளிப்பக்கம் மிரட்ட ஹில் போன்ற ஆள் இல்லாத அணியில் அதே 4.32 விநாடி வேறு மாதிரி தெரியும்.

7. ஒப்பந்தக் காலம். டிராஃப்டில் எடுக்கப்பட்டவருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம். முதல் சுற்றில் வந்தவருக்கு மட்டும் ஐந்தாம் ஆண்டை அணி தன் விருப்பப்படி சேர்க்கலாம். மூன்றாம் சுற்று வீரருக்கு இரண்டாம் பருவ முடிவுக்குள் ஏதாவது தெரிந்தாக வேண்டும். அதற்குள் அடுத்த டிராஃப்டில் இன்னொரு 4.3 வந்துவிடுவார்.

இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. இரண்டாம் பருவத்தில் திடீரென்று ரிட்டர்ன் வேலையை அவரிடமிருந்து எடுத்துவிட்டால் என்ன நினைப்பது? காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். முந்தைய வாரம் பந்து நழுவியிருந்தால் அது தண்டனை, தாக்குதல் ஆட்டத்திலும் அவருடைய பங்கு சேர்ந்து குறையும். பங்கு கூடிக்கொண்டே போகும்போது எடுத்தார்கள் என்றால், இருபது முறை பந்து கொடுக்க வேண்டிய ஆளைக் கிக்காஃபில் இழக்க அணி விரும்பவில்லை என்று பொருள். கல்லூரியில் அலபாமாவுக்கு எதிராக 96 யார்டு ஓடிய ஏச்சேனை மயாமி கிக்காஃப் ரிட்டர்னராகப் பெரிதாகப் பயன்படுத்தவே இல்லை.